கூடுதல் ஓட்டுநர் முனியப்பன்

மலையடிவாரத்து டீக்கடை முன்னால் கார் வந்து நின்றபோது சின்னதம்பி அங்கே தயாராகக் காத்திருந்தான். புது வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, நெற்றி நிறையச் சந்தனம், அதன் நடுவே குங்குமம். பின் இருக்கையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த செவ்வந்திக்கு அண்ணனைக் கண்டதும் வயிறு குளிர்ந்தது. வந்துவிட்டான்.

வருவானோ மாட்டானோ என்று இரண்டு வாரமாக அவள் உள்ளுக்குள் அடித்துக்கொண்டிருந்தது அவளுக்குத்தான் தெரியும். கலசப்பாக்கத்தில் அவளும் கணவனும் புது வீட்டுக்குக் குடிபோன அன்று பந்தியில் அவனை இரண்டாவது வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. கூட்டத்தில் அப்படி ஆகிவிட்டது. அவன் இலையைத் தொடாமலே எழுந்து போனான். அதற்கப்புறம் மகள் வெண்ணிலா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வந்து, குழந்தையின் கையில் வெள்ளி வளையலை மாட்டிவிட்டு, மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டான். தாய் தகப்பன் இல்லாத செவ்வந்திக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவன் ஒருத்தன்தான். இன்னொரு முறை அவன் முகம் சுளித்தால் பிறந்த ஊரான படவேட்டுப் பாதையை அவள் மறந்துவிட வேண்டியதுதான்.

இன்றைக்கு அவனில்லாமல் ஒன்றும் நடக்காது. அவள் கணவன் வெற்றிச்செல்வன் குடும்பத்தில் தலைப்பிள்ளைக்கு முதல் முடி எடுப்பது மலைமேல் முனியப்பன் கோயிலில். கோயிலுக்கு முன்னால் ஓர் ஓடைப் பாலம் இருக்கிறது. அதுதான் சாமியின் எல்லை. அந்தப் பாலத்தைப் பிள்ளை தாண்டும்போது வண்டி தாய்மாமன் கையில் இருக்க வேண்டும். எந்த வண்டியானாலும் சரி, ஓட்டுகிற கை மாமன் கை.

ஏன் என்று செவ்வந்தி மாமியார் செல்லம்மாவிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறாள். பிள்ளைக்குப் பயம் தெளியும் என்றாள் முதல் தடவை. தாய்வீட்டுக்காரங்க சம்மதம் இல்லாம சாமி பிள்ளையை ஏத்துக்காது என்றாள் இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை, "ஏன் எதுக்குன்னு கேட்டுக்கினே இரு, சோறு தானா வெந்துடும்" என்றாள். செவ்வந்தி அப்படித்தான். உப்புப் பொட்டலத்தில் இருக்கும் பொடி எழுத்தைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டுத்தான் பிரிப்பாள்.

சின்னதம்பி காரைச் சுற்றி வந்து ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"எறங்கு மாப்ள. இதுக்கு மேல நம்ம ரோடு."

வெற்றிச்செல்வன் இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி பெல்ட்டைக் கழற்றினான். உரக்கடையில் கணக்கு எழுதுகிறவன். வண்டி பழகியதெல்லாம் டிரைவிங் ஸ்கூலோடு சரி. போளூர் தாண்டியதிலிருந்தே கண்ணுக்கெதிரே மலை பெரிதாகப் பெரிதாக அவன் ஸ்டீயரிங்கை இரும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"வா மச்சான், உன்னைத்தான் எதிர்பார்த்தேன்" என்று சொல்லி ஒரு காலைக் கீழே வைத்தான்.

"அண்ணே, கொஞ்சம் இரு" என்றாள் செவ்வந்தி.

அவள் கையில் வெற்றிச்செல்வனின் போன் இருந்தது. வேலூரில் இருக்கிற ஒரு வாடகைக் கார் கம்பெனியில்தான் வண்டி எடுத்திருந்தார்கள். நாமே ஓட்டிக்கொள்கிற கார். கறுப்பு நம்பர் போர்டில் மஞ்சள் எழுத்து. வழி முழுவதும் குழந்தை தூங்கியதால் செவ்வந்தி அந்தக் கம்பெனி ஆப்பைத் திறந்து, அதில் ஓர் எழுத்து விடாமல் படித்துக்கொண்டு வந்தாள். எட்டாவதோடு நின்றவள் என்றாலும் இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் பிடித்துவிடுவாள். அப்படிப் பிடித்த ஒரு வரி அவளைக் குழப்பிவிட்டது.

"ஏங்க, இதுல அடிஷனல் டிரைவர்னு போட்டு முனியப்பன்னு கீதே. யாரு இது?"

வெற்றிச்செல்வன் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றான். அவன் காது மடல் சிவந்தது.

"அது... நம்ம முனியப்பன்தான்."

"நம்ம முனியப்பன்னா?"

"மேல கீறாரே. அவருதான்."

பக்கத்தில் பூசை சாமான் கூடையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த செல்லம்மா நிமிர்ந்தாள்.

"நான்தான் போடச் சொன்னேன். இன்னா இப்போ? எந்த வண்டி வெச்சிக்கினு மலை ஏறினாலும் மொதல் பேரு அவருக்குத்தான். வேன்காரன் டிரிப் சீட்டுல எழுதல? லாரிக்காரன் எழுதல? அவரு பேரை எழுதாத வண்டி அந்த மலை வளைவுல இன்னா ஆச்சின்னு ஊருக்கே தெரியும்."

விஷயம் இதுதான். வெற்றிச்செல்வன் ஆப்பில் காரை முன்பதிவு செய்யும்போது அம்மா அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். முதல் பேரைப் போட்டியா, போட்டியா என்று கேட்டபடியே இருந்தாள். முதல் கட்டத்தில் லைசென்ஸ் வைத்திருப்பவர் பேரைத்தான் போட முடியும். அடுத்ததாக அடிஷனல் டிரைவர் என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. வெற்றிச்செல்வன் அதில் முனியப்பன் என்று அடித்தான். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவனும் மறந்துவிட்டான். அந்தப் பேருக்கு லைசென்ஸ் போட்டோ அனுப்பச் சொல்லிக் கம்பெனி மூன்று தடவை மெசேஜ் அனுப்பியிருந்தது.

செவ்வந்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அதற்குக் கீழே இருந்த வரியைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இதுல பேரு இல்லாதவங்க ஓட்டக்கூடாதாம்" என்றாள்.

"எவன் பாக்கப் போறான்?" என்றான் சின்னதம்பி. அவன் ஏற்கெனவே கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தான். "தெனமும் ஓனர் ஜீப்பை மேல ஏத்தி எறக்குறவன் நான். இந்த டப்பா வண்டி எனக்கு ஒரு பேச்சா? நகரு மாப்ள."

"ஒரு நிமிஷம்ணே. கேட்டுக்கிறேன்."

"யாரை?"

"கம்பெனியில."

அதில் ஒரு நம்பர் இருந்தது. செவ்வந்தி அழுத்திவிட்டாள். அழுத்திய பிறகுதான் முன்பின் தெரியாத ஆளிடம் என்ன பேசுவது என்று தோன்றியது. எடுத்தது ஒரு பெண். மஞ்சுளா பேசுவதாகச் சொன்னாள். செவ்வந்தி வண்டி நம்பரைச் சொன்னாள்.

"சொல்லுங்க மேடம். முனியப்பன் சார் லைசென்ஸ் இன்னும் வரலை. அதுக்காகவா?"

"அவரு சாருங்க இல்ல. சாமிங்க. எங்க குலசாமி."

அந்தப் பக்கம் மூக்கால் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. "சரிங்க மேடம். அப்போ அவரு ஓட்ட மாட்டாரு."

"மாட்டாருங்க. ஆனா எங்க அண்ணன் ஓட்டணும். மலையில பாலம் வரைக்கும்தான். நல்லா ஓட்டுவாருங்க. ஜீப் டிரைவரு."

"நல்லா ஓட்டுறாரா இல்லையாங்கிறது எங்களுக்குத் தெரியாதுங்களே. யாரு ஓட்டுறாருங்கிறதுதான் எங்களுக்கு முக்கியம். பேரு சேர்க்கலைன்னா அவரு ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது."

"பேரு சேர்க்கலைன்னா இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆகலைன்னா ஒண்ணும் ஆகாதுங்க. ஏதாவது ஆச்சுன்னாதான். உங்க வீட்டுக்காரர் ஓட்டி எங்கியாவது இடிச்சா ஓர் அளவுக்கு மேல வர்ற செலவைக் கம்பெனி பாத்துக்கும். பேரு இல்லாதவர் ஓட்டி இடிச்சா அந்தக் கவர் பொருந்தாது. மொத்தச் செலவும் உங்க மேல வந்துடும்."

செவ்வந்தி யோசித்தாள். கேள்விகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன.

"வண்டியை ஆஃப் பண்ணிட்டுப் பின்னாலேர்ந்து தள்ளினா? அப்போ எங்க அண்ணன் ஸ்டீயரிங் பிடிச்சிக்கினா?"

"பிடிக்கிறவருதான் டிரைவர் மேடம்."

"எங்க வூட்டுக்காரரே ஓட்டி, அண்ணன் பக்கத்து சீட்டுல உக்காந்து ஒரு கை வெச்சிக்கினா?"

"ஐயோ, அப்படி ஓட்டாதீங்க. மலைன்னு வேற சொல்றீங்க."

"பாலத்து மேல மட்டும் ஓட்டினா?"

"பாலமும் ரோடுதானே மேடம்?" மஞ்சுளாவுக்கே இப்போது சுவாரசியம் தட்டிவிட்டது போலிருந்தது. "நீங்க எதுக்கு இவ்ளோ சுத்தி வர்றீங்க? உங்க அண்ணன் பேரைச் சேர்த்துடுங்க. லைசென்ஸ் ரெண்டு பக்கமும் போட்டோ, அதைக் கையில பிடிச்சிக்கிட்டு அவரு முகம் ஒரு போட்டோ. நாங்க பாத்து ஓகே பண்ணணும். ஓகே வந்த பிறகுதான் ஓட்டணும். ஆனா ஒரு வண்டிக்குக் கூடுதலா ஒருத்தர்தான். இருக்கிற பேரை எடுத்தாத்தான் இன்னொரு பேரு போட முடியும்."

"ஒண்ணு கேக்கட்டுமா? ரோட்டுல யாருக்காவது அடிபட்டா?"

"கேஸ் வரும். இன்சூரன்ஸ் கம்பெனி நூறு கேள்வி கேக்கும். யாரு பேருல வண்டி, யாரு ஓட்டினாங்க, யாரு ஓட்டச் சொன்னாங்க. மொதல்ல மாட்டுறவரு ஓட்டினவருதான் மேடம்."

போனை வைத்துவிட்டு செவ்வந்தி நிமிர்ந்தபோது மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெண்ணிலா விழித்துக்கொண்டு மாமன் நெற்றிச் சந்தனத்தைப் பார்த்துக் கையை நீட்டியது.

அவள் கேட்டதை எல்லாம் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் சின்னதம்பி முகம் மாறிவிட்டது. அந்த முகம் அவளுக்குத் தெரியும். பந்தியில் எழுந்த அதே முகம்.

"ஓ. நான் வண்டி ஓட்ட வேலூர்ல ஒரு பொண்ணு உத்தரவு குடுக்கணும்."

"அப்படி இல்லண்ணே."

"வேற எப்படி? இந்த மலையில எந்தக் கல்லு எங்க உருளும்னு எனக்குத் தெரியும். என் மூஞ்சியைப் போட்டோ எடுத்து அனுப்பி, அவங்க பாத்து, இவன் சரிப்படுவான்னு சொல்லணும். நல்லா கீது மரியாதை. சொல்லி அனுப்பிக் கூப்பிட்டது இதுக்குத்தானா?"

"மச்சான், வுடு. நீ ஓட்டு" என்றான் வெற்றிச்செல்வன். மலையைப் பார்த்த கண்ணால் மனைவியையும் ஒரு தடவை பார்த்தான். "பாலம் வரைக்கும் போறதுக்குள்ள இன்னா ஆயிடப் போவுது?"

செவ்வந்தி குழந்தையை மாமியார் மடிக்கு மாற்றினாள். கீழே இறங்கினாள். கையை நீட்டி வண்டியின் சாவியை உருவி எடுத்துக்கொண்டாள். தான் இப்படிச் செய்வாள் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

"இன்னாடி இது?" என்றாள் செல்லம்மா.

"பேரு ஏறாம அண்ணன் ஓட்டக் கூடாது."

சின்னதம்பி தோள் துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தான். போளூர் பஸ் நிற்கிற இடமும் அந்தப் பக்கம்தான் என்பதை செவ்வந்தி கவனித்தாள். பின்னாலேயே போனாள்.

கடைப் பெஞ்சின் ஓரத்தில் அவன் உட்கார்ந்தான். டீ சொல்லவில்லை. அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று அவளுக்குப் புரியவில்லை.

"கோவிச்சுக்காதண்ணே."

"கோவம் ஒண்ணியும் இல்ல. பஸ் எப்போன்னு பாக்கறேன்."

"வண்டி இடிச்சா செலவு எங்க வூட்டுக்காரரு மேல வரும். அவரு எப்படியாவது கட்டுவாரு, இல்ல கட்டாம போவாரு. அத்தப் பத்தி நான் பேசல. இன்னிக்கு மேல சந்தை. ரோட்டுல ஆளும் ஆடுமா இறங்கும். ஒருத்தர் மேல பட்டுதுன்னு வெச்சிக்கோ. தப்பு அவங்க மேலயே இருக்கட்டும். போலீசு மொதல்ல யாரைக் கேக்கும்? ஓட்டினவனைத்தானே? அப்போ நீ யாரு வண்டியை ஓட்டினேன்னு கேப்பாங்க. அந்த வண்டியில உன் பேரே இல்லன்னு கம்பெனி சொல்லும். உன் லைசென்ஸைப் பிடுங்கிட்டா நீ நாளைக்கு இன்னா பண்ணுவ? அண்ணி இன்னா பண்ணுவாங்க?"

சின்னதம்பி ரோட்டைப் பார்த்தபடி இருந்தான். கட்டிய பலாப்பழங்களோடு ஒரு ஜீப் இறங்கி வந்தது. ஓட்டி வந்தவன் இவனைப் பார்த்து ஹாரன் அடித்துக் கையைத் தூக்கினான். இவனும் பழக்கத்தில் கையைத் தூக்கினான்.

"உன்னை நம்பாம சாவியை எடுக்கலண்ணே" என்றாள் செவ்வந்தி. "உனக்கு ஒண்ணு ஆனா எனக்கு யாரு கீறாங்க?"

அவன் திரும்பி, "ரெண்டு டீ போடுப்பா" என்றான் கடைக்காரனிடம்.

டீயைக் குடித்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்தான். "இந்தா. எடுத்து அனுப்பு. மூஞ்சி எந்தப் பக்கம் திரும்பணும்னு சொல்லு."

ஒரு பிரச்சினை தீர்ந்தது என்று காருக்கு வந்தால் அடுத்தது காத்திருந்தது. சின்னதம்பி பேரைப் போடுவதற்கு முன்னால் முனியப்பன் பேரை எடுக்க வேண்டும். பேருக்குப் பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டிப் படம் இருந்தது. வெற்றிச்செல்வன் அதன்மேல் விரலை வைக்கப் போனான். செல்லம்மா அந்த விரலைப் பிடித்துவிட்டாள்.

"இன்னா படம்டா அது?"

"எடுக்கறதுக்கும்மா."

"குப்பைத்தொட்டி மாதிரி கீதே!"

"அப்படித்தாம்மா இருக்கும். எல்லாத்துக்கும் அதான்."

"சாமி கோயிலுக்குப் போறோம். போற வழியில சாமி பேரையே குப்பையில போடுவியா? புள்ளைக்கு முடி எடுக்கப் போறியா, வேற எதுக்காவது போறியா? எனக்கு வண்டியும் வேணாம் ஒண்ணியும் வேணாம். எறக்கி வுடு, நான் நடந்தே ஏறிக்கிறேன்."

செவ்வந்தி அண்ணனைப் பார்த்தாள். அவன் பின்னால் ஓரடி தள்ளி நின்றுவிட்டான்.

"அத்தை சொல்றது சரிதான்" என்றான். "அவரு பேரை அடிச்சிட்டு அந்த எடத்துல என் பேரா? அப்புறம் அந்த வளைவுல நான் எப்படி ஸ்டீயரிங் திருப்புவேன்? வேணாம் செவ்வந்தி. எனக்கு மனசு ஒப்பல."

வெற்றிச்செல்வன் தலையில் கைவைத்துக்கொண்டான். உச்சிப்பொழுதுக்கு முன்னால் முடி எடுத்துவிட வேண்டும் என்று பூசாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மலை ஏறத் தொடங்கினால் டவர் கிடைக்காது. செய்வதை இங்கேயே செய்தாக வேண்டும். மாமன் ஓட்டாவிட்டால் வழக்கம் போச்சு. சாமி பேரை எடுத்தால் செல்லம்மாவும் போச்சு, மாமனும் போச்சு.

செவ்வந்தி போனைக் கையில் வாங்கிக்கொண்டு பானெட்டில் சாய்ந்து நின்றாள். அந்தப் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். கட்டம் கட்டமாக இருந்தது. ஓட்டுபவர் பேர். கூடுதல் ஓட்டுநர் பேர். எங்கிருந்து, எங்கே. எத்தனை பேர் போகிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்று ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. சாமிக்குப் பேர் எழுத வேண்டும் என்றார்களே தவிர எந்தக் கட்டத்தில் என்று யாரும் சொல்லவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது.

"அத்தே" என்றாள். "வளைவுல வண்டி வழுக்குதுன்னு வெச்சிக்கோங்க. நீங்க மொதல்ல யாரைக் கூப்பிடுவீங்க?"

"இது ஒரு கேள்வியா? முனியப்பான்னுதான் கத்துவேன்."

"மாமாவைக் கூப்பிட மாட்டீங்களா?"

"அவரு வூட்டுல படுத்துனு டீவி பாப்பாரு. அவரைக் கூப்பிட்டு இன்னா பிரயோசனம்?"

"இங்க கேட்டிருக்காங்க அத்தே. ஆபத்துன்னா யாரைக் கூப்பிடணும்னு. வண்டி ஓட்டுறது அண்ணன் வேலை. காப்பாத்துறது அவரு வேலை. அவரைப் போயி நாம டிரைவர் சீட்டுல உக்கார வெச்சிருக்கோமே, அதுவே தப்பு மாதிரிப் படுது எனக்கு. நாம பேரை எடுக்கல. அவரு எடத்துல வெக்கிறோம்."

செல்லம்மா குழந்தையின் காலைத் தடவியபடி மலையை ஒரு தரம் பார்த்தாள்.

"அது பெரிய எடமா, சின்ன எடமா?"

"எல்லாத்துக்கும் கடைசியில கீது. ஆனா ஏதாவது ஆச்சுன்னா கம்பெனிக்காரன் மொதல்ல கூப்பிடுறது அந்தப் பேரைத்தான்."

"அப்போ சரி. மொதல்ல அங்க எழுது. எழுதுனப்புறம்தான் இங்க எடுக்கணும். நடுவுல அவரு பேரு இல்லாம ஒரு நொடிகூட வண்டி இருக்கக்கூடாது."

செவ்வந்தி எழுதினாள். முனியப்பன். உடனே அந்தக் கட்டம் போன் நம்பர் கேட்டது. நம்பர் இல்லாமல் நகர மாட்டேன் என்றது.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என் நம்பரைப் போடு" என்றாள் செல்லம்மா. "என்கிட்ட சொல்லச் சொல்லு. நான் அவருகிட்ட சொல்லிடறேன்."

சின்னதம்பிதான் முதலில் சிரித்தான். வேட்டியைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தான். வெற்றிச்செல்வனும் சேர்ந்துகொண்டான். மச்சானும் மாப்பிள்ளையும் ஒன்றாகச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று செவ்வந்தி நினைத்தாள். செல்லம்மாவுக்கு மட்டும் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை.

இப்படிப் போடலாமா என்று செவ்வந்திக்குச் சந்தேகம். மறுபடி மஞ்சுளாவைக் கூப்பிட்டாள்.

"பேரு எதுவா இருந்தாலும் கூப்பிட்டா எடுத்துப் பேசுற ஆளு இருக்கணும் மேடம். அவ்ளோதான்."

"எடுப்பாங்க. எங்க மாமியாரு."

"பேசுவாங்களா?"

"அதுல உங்களுக்குச் சந்தேகமே வேணாங்க."

முனியப்பன் பேர் ஓட்டுநர் கட்டத்திலிருந்து எடுபட்டது. எடுக்கும்போது செல்லம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சின்னதம்பி பேர் ஏறியது. லைசென்ஸின் முன்பக்கம், பின்பக்கம் போட்டோ போயிற்று. அவன் முகத்தை அனுப்பினால் சரியில்லை என்று திரும்பி வந்தது. முகம் தெளிவாகத் தெரியவில்லையாம்.

"சந்தனத்தை அழி மச்சான். பாதி மூஞ்சி அதுலதான் கீது."

"மாமன் வெறும் நெத்தியோட எப்படிடா போறது?"

"போட்டோவுக்குத்தான். அப்புறம் பூசிக்கோ."

டீக்கடைத் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, லைசென்ஸைத் தாடைக்குப் பக்கத்தில் பிடித்தபடி அவன் விறைத்து நின்றான். லைசென்ஸில் இருந்தவனுக்கு மீசை கறுப்பு. இவனுக்கு ஓரங்களில் வெள்ளை ஓடியிருந்தது. செவ்வந்தி இரண்டு முகத்தையும் ஒரே சட்டகத்துக்குள் பார்த்தாள். அழுத்தினாள்.

காத்திருந்தார்கள். வெற்றிச்செல்வன் போனைப் பார்ப்பதும் சூரியனைப் பார்ப்பதுமாக இருந்தான். செல்லம்மா கூடையிலிருந்த வாழைப்பழத்தில் ஒன்றைப் பிள்ளைக்கு மசித்துக் கொடுத்தாள். சின்னதம்பி சும்மா இருக்க முடியாமல் காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரமாகக் காலால் உதைத்துப் பார்த்தான். பின்சக்கரத்தில் காற்றுக் குறைச்சல், வளைவில் இழுக்கும் என்றான். டயருக்கு ஒன்று ஆனால் கம்பெனி கொடுக்குமா என்று அவனே கேட்டான். செவ்வந்தி தேடிப் பார்த்து, டயருக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் கிடையாது என்றாள். "அப்போ பாத்து ஓட்டணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டீக்கடைக்காரனிடம் பம்ப்பு வாங்கி வந்து காற்றடித்தான்.

போன் ஒலித்தது. கூடுதல் ஓட்டுநர் சின்னதம்பி, சரிபார்க்கப்பட்டது.

செவ்வந்தி சாவியை அண்ணன் கையில் வைத்தாள். அவன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சந்தனத்தை மறுபடி பூசிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

ஜீப்பில் அவன் எப்படிப் போவான் என்பது மலைக்கே தெரியும். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு, ஒரு கை வெளியே தொங்க, பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறவன். இன்றைக்கு இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். பெல்ட் போட்டிருந்தான். எதிரே ஆட்டுக்கூட்டம் வந்தால் கடைசி ஆடு தாண்டும் வரைக்கும் நின்றான்.

"இன்னாப்பா, மாட்டு வண்டியா ஓட்டுற?" என்றாள் செல்லம்மா. "மாமன் வீரமெல்லாம் இவ்ளோதானா?"

"பேரு எழுதிட்டாங்களே அத்தே. இனிமே நான் மரியாதையாத்தான் ஓட்டணும்."

பாலம் வந்தது. ஓடையில் தண்ணீர் கற்களுக்கிடையே கொஞ்சமாக ஓடியது. சின்னதம்பி வண்டியை நிறுத்தினான். கண்ணாடியில் பின்னால் பார்த்து, "வெண்ணிலா, மாமன் கூட்டினு போறேன், வர்றியா?" என்று கேட்டான். குழந்தை என்னவோ கத்தியது. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு கியரைப் போட்டான். கார் பாலத்தின் மேல் மெதுவாக ஊர்ந்தது. தாண்டியதும் செல்லம்மா குலவை போட்டாள். செவ்வந்தி திரும்பி ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பொழுது உச்சிக்கு வருவதற்குள் மாமன் மடியில் பிள்ளைக்கு முடி எடுத்தாயிற்று. அது அழுது, சந்தனம் பூசிய மண்டையோடு அவன் தோளிலேயே தூங்கிப்போனது. பொங்கல் வைத்துப் படைத்துவிட்டுப் புளியமரத்தடியில் இலை போட்டார்கள். வெற்றிச்செல்வன் மச்சானை முதல் இலையில் உட்கார வைத்துத் தானே பரிமாறினான். போன தடவை நடந்ததைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாவது கரண்டிப் பொங்கலுக்குச் சின்னதம்பி வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவன் செவ்வந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கையில் லைசென்ஸ் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"செவ்வந்தி. ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"எங்க ஓனரு ஜீப்பு கீதுல்ல. அதுல என் பேரு எங்கியாவது எழுதியிருப்பாரா?"

அவளுக்கு அது தோன்றவே இல்லை. "எனக்கெப்படித் தெரியும்? நீ கேட்டதில்லையா?"

"காலையில சாவி குடுப்பாரு. சாயந்தரம் வாங்கிப்பாரு. சந்தை நாளுன்னா உள்ள பாதி, மேல பாதின்னு ஜனம் ஏறும். இத்தனை நாளா ஓட்டறேன். இன்சூரன்ஸ் கட்டியிருக்கா, என்ன போட்டிருக்கு, எவனையாவது இடிச்சா யாரு நிப்பாங்க... ஒண்ணியும் கேட்டதில்ல. கேக்கணும்னே தோணல." தூங்குகிற குழந்தையை அவன் இன்னொரு தோளுக்கு மாற்றினான். "காலையில நீ சாவியை உருவிக்கினு நின்ன பாரு, அப்போலேர்ந்து மண்டைக்குள்ள அதான் ஓடுது. கேட்டா கோச்சுக்குவாரோ?"

"உன்னை வுடவா கோச்சுக்குவாரு?"

அவன் சிரித்தான். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

"நீ அந்தப் பொண்ணுகிட்ட மொதல்ல எப்படி ஆரம்பிச்ச? சண்டைக்குப் போற மாதிரி இல்லாம, பயந்து கேக்குற மாதிரியும் இல்லாம பேசினியே. சொல்லு."

"நான் ஒண்ணியும் யோசிக்கலண்ணே. தெரியாததைக் கேட்டேன்."

சின்னதம்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டான். எதிரே ஓனர் நிற்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஓனரே, ஒரு சந்தேகம்" என்றான். குரல் அதட்டலாக வந்தது. தலையை ஆட்டிக்கொண்டு, குழந்தை விழிக்காமல் மெதுவாக, இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தான்.

"ஓனரே, நம்ம ஜீப்பு பேப்பரை ஒரு தபா பாக்கலாமுங்களா?"